கரண்ட் இறங்கும் நேரத்துச் சத்தம்

அந்தப் பெட்டி இப்போது என் காம்பிராவில், அலுமாரி மேல் இருக்கிறது. இரும்புப் பெட்டி. ஒரு றாத்தல் பாண் ரொட்டி அளவுதான், ஆனால் தூக்கினால் கை இறங்கும். முன்பக்கம் ஐந்து குமிழ். ஒவ்வொரு குமிழுக்கும் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. அது நெயில் பாலிஷ். மச்சானுடைய மகள் தன் கல்யாணத்துக்கு வாங்கியது. மேல்மூடி சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். கரண்ட் கொடுத்தால் உள்ளே ரெண்டு வால்வு மெதுவாகச் சிவக்கும். பழைய ரேடியோவுக்குள் இருக்குமே கண்ணாடிக் குழாய், அதேதான். கிட்டார் வயரை இதில் சொருகி, இதிலிருந்து பெரிய அம்ப்ளிபயருக்குக் கொண்டுபோக வேண்டும். ரெண்டுக்கும் நடுவில் இருந்துகொண்டு சத்தத்துக்கு நிறம் கொடுக்கிறது இதன் வேலை. ப்ரீஅம்ப் என்பார்கள். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாருக்கும் அது ‘மச்சான் பொட்டி’.

மச்சான் என்றால் என் அக்காவின் புருசன். என்னைப் பார்த்து லயமே அவரை அப்படித்தான் கூப்பிடும். போன வருசம் ஓப்பநாயக்கவில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது துணிப்பையை மட்டும் எடுத்தார். “பொட்டிய எடுத்துக்கலையா?” என்று கேட்டேன். “அங்க எதுக்கு தம்பி” என்றார். எங்கள் ரெண்டு பேருக்கும் பேச்சு குறைவு. நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அவர் பட்டதை யாராவது சொல்லிவைக்க வேண்டும். அவர் சொல்லமாட்டார்.

எங்கள் தோட்டம் கரவனெல்லைக்கு மேலே, ரப்பர் மலையில். மச்சான் கொஞ்ச காலம் கட்டாரில் பைப் வேலை செய்தார். அங்கே அவர் ரூமில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். லீவு நாளில் ஹோட்டலில் கிட்டார் வாசிக்கிறவர். ஊருக்கு ஒரேயடியாகப் போகும்போது இந்தப் பெட்டியை மச்சானுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மச்சான் அதைக் கம்பளியில் சுற்றி, பிளேனில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அக்காவுக்கு ஒரு சேலை, மகளுக்கு ஒரு போன். மற்றபடி இந்தப் பெட்டிதான். “கட்டாருக்குப் போயி இரும்புப் பொட்டி கொண்டாந்துருக்காரு பாருங்க. எலி புடிக்கவா?” என்று பக்கத்துக் காம்பிரா சித்தி கேட்டார். லயமே சிரித்தது. மச்சானும் சிரித்தார்.

எங்களுக்கு ஒரு குரூப் இருந்தது. மச்சான் கிட்டார். நான் ஸ்பீக்கர் பொக்ஸ் தூக்குவேன், வயர் இழுப்பேன், மிக்ஸர் பக்கத்தில் நிற்பேன். தமிழ்க் கல்யாணம், சிங்களக் கல்யாணம், சடங்கு வீடு, மாதா கோயில் திருவிழா, எங்கே கூப்பிட்டாலும் போவோம். பெட்டி வந்த பிறகுதான் எனக்குக் காது திறந்தது. முதல் குமிழ் கெயின். அதைக் கீழே வைத்தால் கம்பி சுத்தமாகப் பேசும், கல்லில் தண்ணி விழுகிற மாதிரி. கொஞ்சம் ஏற்றினால் சத்தத்துக்கு உடம்பு வரும். இன்னும் ஏற்றினால் கரகரக்கும், அப்புறம் உறுமும். நடுவில் ஒரு இடம் உண்டு. அங்கே வைத்து மெதுவாகத் தட்டினால் சுத்தம், அழுத்தித் தட்டினால் கரகரப்பு. விரல் சொல்வதை வால்வு கேட்கும். அடுத்த மூன்றும் பேஸ், மிடில், ட்ரெபிள். ஒரே வீட்டில் இருக்கிற மூன்று மருமகள் மாதிரி. ஒன்றைத் திருப்பினால் மற்ற ரெண்டும் முகத்தைத் திருப்பும். மூன்றையும் அடியோடு இறக்கினால் சத்தமே வராது. கடைசிக் குமிழ், எவ்வளவு சத்தம் வெளியே போகணும் என்பதற்கு.

அந்த ஒரு பெட்டியில் மச்சான் எத்தனையோ குரல் எடுப்பார். சிங்களப் பைலாப் பாட்டுக்கு ட்ரெபிளை ஏற்றித் தகரம் மாதிரி வெட்டுவார். கோயில் பாட்டுக்கு மிடிலைக் கொடுத்து ஆர்மோனியம் மாதிரி இழுப்பார். பொடியன்மார் கேட்கிற ஆட்டப் பாட்டுக்கு உறும விடுவார். எல்லாம் தரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிலிப்பைன்ஸ்காரர் கொடுக்கும்போதே ஒன்று சொல்லியிருந்தாராம். சத்தம் நீளமா நிக்கணும்னா கரகரப்பும் சேர்ந்துதான் வரும், கரகரப்பு வேணாம்னா நீளம் போயிரும், ரெண்டும் சேராது என்று. கம்பியைத் தட்டின பிறகு சத்தம் சாகாமல் நிற்கிற நேரத்தைத்தான் நீளம் என்கிறார். மச்சான் அதை அன்றைக்குப் பெரிதாக எடுக்கவில்லை. கல்யாண வீட்டில் அது யாருக்கு வேணும்.

அக்கா பாடுவாங்க. மேடை ஏறினதில்லை. மாதா கோயிலில் பாடுவாங்க, அப்புறம் லயத்தில் ஒரு பொண்ணு கல்யாணம் கட்டிப் போனால் பாடுவாங்க. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். காலையில் கோயிலுக்குப் போகும்போது பாடுவதில்லை. எல்லாம் முடிந்து மாப்பிள்ளையோடு கிளம்புகிறபோது பொண்ணைப் படியில் நிறுத்திப் பாடணும். பாட்டில் முதலில் வீடு வரும். அப்புறம் பீலி, தண்ணி எடுத்த இடம். அப்புறம் இறங்கிப் போகிற பாதை. கடைசி அடியில் பொண்ணின் பேர் வரும். பேரைச் சொல்லி நீட்டணும். அந்த நீட்டு முடிகிறவரைக்கும் பொண்ணு காலை எடுக்கக்கூடாது. எங்கள் அம்மாவுக்குப் பிறகு அக்காதான் பாடினாங்க. அக்கா நீட்டினால் மாப்பிள்ளை வீட்டார் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். “அக்கா, விட்ருங்க, பஸ்ஸு போயிரும்” என்று யாராவது கத்துவார்கள். அக்கா விடமாட்டாங்க. அந்தப் பக்கம் பொண்ணு அழுதுகொண்டிருக்கும். எத்தனையோ பொண்ணுங்க அக்கா வாயில் தன் பேரைக் கேட்டுத்தான் எங்கள் மலையை விட்டு இறங்கினார்கள்.

பிறகு அக்காவுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. கரவனெல்லையில் பார்த்து, கொழும்புக்கு அனுப்பி, அங்கே வெட்டி எடுத்தார்கள். உசிருக்கு அதுதான் வழி, குரல் போனாலும் போகும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். மச்சான்தான் கையெழுத்துப் போட்டார். உசிர் நின்றது. குரல் போனது. மொத்தமாகப் போகவில்லை. ஓட்டை விழுந்த குழலில் ஊதுகிற மாதிரி மூச்சுதான் வரும், அதற்குள் எங்கேயோ கொஞ்சம் குரல் இருக்கும். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. ஒருநாள் பீலியில் ஒரு பொண்ணு அக்கா மாதிரிப் பேசிக்காட்டிச் சிரித்தது. அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாங்க. அதற்குப் பிறகு வீட்டிலும் கைச்சாடைதான். கோயிலில் பின்வரிசையில் போய் உட்கார்ந்தாங்க. பாட்டு நடக்கும்போது முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொள்வாங்க. மச்சான் முன்னால் நின்று கிட்டார் வாசிப்பார். திரும்பிப் பார்க்கமாட்டார்.

அந்த நிலைமையில்தான் மகளுக்குக் கல்யாணம் பேசினது. மாப்பிள்ளைக்கு ஊர் ஓப்பநாயக்க. டவுனில் மண்டபம் எடுக்கிறதாகச் சொன்னார்கள். எல்லாம் பேசி முடிந்த அன்றைக்கு மகள் அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னது இஸ்தோப்பில், வாசல் திண்ணையில் இருந்த எனக்கும் கேட்டது.

“அம்மா பாடாட்டி நான் படி எறங்க மாட்டேன். அங்கயே நிப்பேன். மாப்ள வேணும்னா தனியா பஸ் ஏறட்டும்.”

அக்கா கையை வீசி, போடி என்று சாடை காட்டினாங்க.

“போடி இல்லம்மா. லயத்துப் பொண்ணு அம்புட்டுப் பேருக்கும் பாடுனீங்க. எம் பேரு மட்டும் ஒங்க வாயில வராதா?”

அக்கா அடுப்பை ஊதினாங்க. அதற்கும் மூச்சு பத்தவில்லை. மச்சான் எழும்பி வெளியே போனார்.

அடுத்த நாளிலிருந்து அவர் தேட ஆரம்பித்தார். பேக்டரியில் ரப்பர் பால் உறைய வைக்கிற வேலை அவருக்கு. முடிந்து வந்து கை கழுவினதும் பெட்டியை வயரோடு பூட்டிக்கொண்டு உட்காருவார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு சத்தம். அக்காவின் மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே கிட்டார் அந்தச் சுரத்தை வாங்கிக்கொண்டு நிற்கணும். அக்கா அடுத்த மூச்சு எடுக்கிறவரைக்கும் சாகக்கூடாது. ஆனால் உறுமக்கூடாது. உறுமினால் அக்காவிடம் இருக்கிற கொஞ்சக் குரலையும் அது தின்றுவிடும். மைக்கைக் கூட்டலாமே என்று நான் சொன்னேன். கூட்டினால் மூச்சுச் சத்தம்தான் பெரிதாக வரும், இன்னும் கூட்டினால் பொக்ஸ் கூவும். அவர் அதையும் பார்த்துவிட்டார். கெயினை ஏற்றுவார், உறுமும். இறக்குவார், நீளம் போகும். ட்ரெபிளை இறக்கினால் உறுமல் கம்பளிக்குள் இருந்து வரும், அவ்வளவுதான் வித்தியாசம். மிடிலை இறக்கினால் குரலுக்கு இடம் வரும், கம்பிச் சத்தம் காணாமல் போகும். பிலிப்பைன்ஸ்காரர் சொன்னது சரிதான் என்று நான் நினைத்தேன்.

ஒரு சாயந்திரம் அது வந்தது. எல்லா வீட்டிலும் சோறு வைக்கிற நேரம். மச்சான் ஒரு கம்பியைத் தட்டினார். சத்தம் மெத்தென்று எழும்பி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கரகரப்பு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஒரு ஆள் வாயை மூடிக்கொண்டு முனகுகிற மாதிரி. அடுப்படியில் அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாங்க. துருவுகிற சத்தம் நின்றது. மச்சான் மறுபடி அதே சுரத்தைத் தட்டினார். உள்ளேயிருந்து மூச்சு மாதிரி ஒன்று வந்து அதோடு ஒட்டியது. பாதியில் அறுந்தது. கிட்டார் அதைக் கீழே விடவில்லை. அக்கா மறுபடி மூச்செடுத்துப் பிடித்தாங்க. நான் வாசலில் வெத்திலையை மென்றபடி அசையாமல் நின்றேன். மச்சான் அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. திருப்பினால் நின்றுவிடும் என்று பயந்திருப்பார்.

அதற்குப் பிறகு தினமும் சாயந்திரம் அதுதான். முதலில் வாயை மூடிக்கொண்டு. பிறகு வார்த்தையோடு. வீடு, பீலி, பாதை. கடைசியில் பேர். மகள் வேண்டுமென்றே அந்த நேரம் வீட்டில் இருக்கமாட்டாள். கல்யாணத்தன்றுதான் கேட்பேன் என்று சொல்லிவிட்டாள். அவளுடைய நெயில் பாலிஷை எடுத்து மச்சான் ஐந்து குமிழுக்கும் புள்ளி வைத்தார். புள்ளி வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். அக்கா பார்த்துச் சிரித்தாங்க. அந்த வீட்டில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு.

கல்யாணத்தன்று காலையில் நானும் மச்சானும் முதலில் மண்டபத்துக்குப் போய்ப் பெட்டியைப் பூட்டினோம். நல்ல மண்டபம். கடைவீதி நடுவில். லைட்டெல்லாம் பால் மாதிரி எரிந்தது. மச்சான் ஐந்து குமிழையும் புள்ளிக்கு நேரே வைத்தார். தட்டினார்.

வேற பெட்டியைக் கொண்டுவந்துவிட்டோமோ என்று எனக்குப் பட்டது. சத்தம் வெளுத்து, கூராக, கண்ணாடி உடைகிற மாதிரி வந்து உடனே செத்தது. மச்சான் புள்ளியைக் குனிந்து பார்த்தார். நகரவில்லை. கெயினைக் கொஞ்சம் ஏற்றினார். நீளம் வந்தது, உறுமலோடு. இறக்கினார். ட்ரெபிளைத் திருப்பினார், மிடிலைத் திருப்பினார். ஒன்றைத் தொட மற்றது போனது. வயரை மாற்றினார். என் கையிலிருந்த வயரையும் பிடுங்கி மாற்றினார். மண்டபத்துக் காவல்காரர், வயசான சிங்கள ஆள், காதைப் பொத்திக்கொண்டு வந்து “அய்யே, சத்தே வெடி” என்றார். சத்தம் அதிகமாம். மச்சான் சிங்களத்திலேயே அவருக்குப் பதில் சொன்னார். “சத்தமே வரலங்கய்யா.” அந்த ஆள் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

நேரமானதும் அப்படியே விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனோம். கோயில் முடிந்து மண்டபத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மச்சான் கோட்டுப் போட்டுக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய ஆள். படம் பிடிக்கக் கூப்பிட்டால் ஓடிப்போய் நிற்பார், விட்டதும் பெட்டிக்கு வருவார். கோட்டு முதுகு நனைந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் சனம் பேசுகிற சத்தத்துக்குள்ளே குனிந்து உட்கார்ந்து ஒரு கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். அக்கா தூரத்தில், மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்டாங்க. அவங்களுக்குத் தெரிந்துவிட்டது. நான் பார்த்தேன். ஆனால் கிளம்புகிற நேரம் வந்தபோது அவங்களாகவே நடந்து வந்து மண்டபத்து வாசல் படிக்குப் பக்கத்தில் நின்றாங்க.

மகள் மேல்படியில் நின்றாள். மச்சான் தட்டினார். அக்கா ஆரம்பித்தாங்க. வீடு கொஞ்சம் கேட்டது. பீலி எனக்கு மட்டும் கேட்டது, பக்கத்தில் நின்றதால். ஒவ்வொரு மூச்சு முடிகிற இடத்திலும் கிட்டார் கையை விட்டது. பாதைக்கு வரும்போது வாய் மட்டும் அசைந்தது. மச்சான் கெயினை ஏற்றினார், அது உறுமியது, பயந்து இறக்கினார். பேர் வருகிற இடம். அக்கா வாயைத் திறந்து நிறைய மூச்சு எடுத்தாங்க. சனத்துக்கு எதுவும் கேட்கவில்லை. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். நல்ல சனம்தான், சுகமில்லாத பொம்பளை என்று இரக்கப்பட்டுப் பலமாகக் கை தட்டினார்கள். யாரோ விசிலும் அடித்தார்கள். அந்தக் கைத்தட்டலுக்குள்ளே அக்கா வாயை மூடினாங்க. மகள் நகரவில்லை. மாமியார் வந்து கையைப் பிடித்து “வாம்மா, நேரமாச்சு” என்று சொன்ன பிறகு இறங்கினாள். திரும்பித் திரும்பி அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டே போனாள்.

மச்சான் பெட்டியைக் குறை சொன்னார். வால்வு செத்துவிட்டது என்றார். கட்டாரில் இருக்கிற கூட்டாளியிடம் சொல்லிப் புது வால்வு கொண்டுவரச் செய்தார். ஒரு மழைநாள், பால் வெட்டு இல்லை, பேக்டரியும் இல்லை. மத்தியானம் புது வால்வைப் போட்டுத் தட்டினார். அதே கண்ணாடிச் சத்தம். கிட்டாரை மடியில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பெட்டியை நிறுத்தக்கூட இல்லை. நான் சாயந்திரம் போனபோதும் அதே இடத்தில் இருந்தார். எழும்பப் பார்த்தவரின் கை கம்பியில் பட்டது. அந்தச் சத்தம் வந்தது. மெத்தென்று எழும்பி நின்றது.

மச்சான் பெட்டியைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். “தம்பி, லைட்டப் பாரு.”

பல்ப் மஞ்சளாக, அழுகின மாம்பழம் மாதிரி எரிந்தது. எங்களுக்கு அது புதுசில்லை. டிரான்ஸ்போமர் கீழே பேக்டரிக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து கம்பி மலையேறி வரவேண்டும். சாயந்திரம் எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர் போட்டால் கரண்ட் இறங்கிவிடும். பிறந்ததிலிருந்து பார்க்கிற மஞ்சள். அதனால்தான் யாரும் அதைப் பார்க்கவில்லை. கரண்ட் இறங்கினால் வால்வு களைத்துப்போகும். களைத்த வால்வு உறுமாது. ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மண்டபத்தில் நல்ல கரண்ட்.

“நான் பொட்டிய செட் பண்ணலடா தம்பி. லயத்துச் சோத்த வச்சு செட் பண்ணிருக்கேன்” என்றார். அப்புறம் நெற்றியைச் சுவரில் முட்டினார். வேகமாக இல்லை. மெதுவாக, திரும்பத் திரும்ப. அக்கா வந்து சுவருக்கும் அவர் நெற்றிக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்தாங்க. அவர் அந்தக் கையிலேயே முட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குள் கட்டி மறுபடி வந்திருந்தது. இனி வெட்ட இடமில்லை என்று டாக்டர் சொன்னார். மகள் மாசமாக இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை புருசனோடு அம்மாவைப் பார்க்க வருவதாகச் சொன்னாள். ஓப்பநாயக்கவுக்கு பஸ் மாறி மாறிப் போகணும், புருசனுக்கு அடுத்த நாள் வேலை, மூணு மணிக்கெல்லாம் மலையை விட்டு இறங்கியாகணும். மத்தியானம் கரண்ட் இறங்காது. மச்சான் லயம் லயமாகப் போனார். யாரிடமும் எதுவும் கேட்காத மனுசன். நானும் பின்னால் போனேன்.

“சித்தி, ஞாயித்துக்கெழம ரெண்டு மணிக்கு அயனப் போட்டு வையுங்க.”

“என்னத்த அயன் பண்ண? இருக்குறதே ரெண்டு சேல.”

“ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா சூடேத்துங்க.”

“மச்சானுக்கு மண்ட கொழம்பிருச்சா?”

“ஆமா சித்தி. போட்டு வையுங்க.”

அடுத்த வீட்டில் அயன் இல்லை. “கரண்ட் கேத்தல் இருக்கு மச்சான். தண்ணி ஊத்திப் போடவா, ஊத்தாமப் போடவா?” என்று கேட்டார்கள். “ஊத்திப் போடுங்க, இல்லாட்டி அதுவும் செத்துரும்” என்றார். எதுக்கு என்று கேட்டவர்களுக்கு அக்கா பாடணும் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் கேலி பண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லயத்தில் எல்லா வீட்டிலும் அயன், குக்கர், கேத்தல், எல்லாம் ஒன்றாகச் சூடேறின. பட்டப்பகலில் எங்கள் பல்ப் மஞ்சளாகி, இன்னும் இறங்கிச் செம்மண் நிறத்துக்கு வந்தது. மச்சான் தட்டினார். வந்தது. அக்கா இஸ்தோப்பில் கதிரையில் இருந்தாங்க. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள். அக்கா வீட்டைப் பாடினாங்க. மூச்சு முடிந்த இடத்தில் கிட்டார் வாங்கிக்கொண்டது. பீலியைப் பாடினாங்க. அது அக்காவின் குரல்தான். மெலிந்து, தேய்ந்து, ஆனால் அக்கா. வீட்டு வாசல்களில் எல்லாரும் நின்றார்கள். குழந்தைகளைக்கூட வாயைப் பொத்தி வைத்திருந்தார்கள். பாதை வந்தது. பாதி பாதை.

கீழே டிரான்ஸ்போமர் போஸ்ட்டில் வெடி மாதிரி ஒரு சத்தம். பல்ப் செத்தது. கிட்டார் ஒரு இழுப்பு இழுத்து நின்றது.

அக்கா வாயைத் திறந்தபடியே கிட்டாருக்காகக் காத்திருந்தாங்க. மூச்சு போய்க்கொண்டே இருந்தது. பிறகு வாயை மூடி, கையை விரித்துக் காட்டினாங்க. மச்சான் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். கரண்ட் இல்லாத கிட்டார், டிக் டிக் என்று. “இருங்க, வந்துரும், இருங்க” என்றார். பேக்டரிப் பக்கம் ஆள் ஓடியது. வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மகள் அம்மாவின் காலைத் தொட்டுவிட்டு, பேர் இல்லாமலே ரெண்டாம் தடவையும் இறங்கிப் போனாள்.

கரண்ட்காரர்கள் வந்தார்கள். எரிந்து கிடந்ததைப் பார்த்து, இவ்வளவு வீட்டுக்கு இது காணாது என்று எழுதிக்கொண்டு போனார்கள். எங்கள் தோட்டத்தில் கேட்டுக் கேட்டு அலுத்த விசயம். இந்தத் தடவை நடந்துவிட்டது. லயத்துக்குப் பக்கத்திலேயே புது டிரான்ஸ்போமர் வைத்தார்கள். சாயந்திரத்தில் பல்ப் பால் மாதிரி எரிந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். “மச்சான் புண்ணியத்துல வெளிச்சம்” என்று சித்தி வந்து அவர் கையைப் பிடித்துச் சொன்னார். மச்சான் தலையை ஆட்டினார். அன்று சோறு வைக்கிற நேரம் பெட்டியைப் பூட்டித் தட்டினார். கண்ணாடி. என்னை அயன் போடச் சொன்னார். போட்டேன். வெளிச்சம் ஆடவே இல்லை.

கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற சாமான் ஒன்று இருக்கிறது என்று ரேடியோக் கடைக்காரர் சொன்னார். கொழும்பிலிருந்து எடுப்பிக்கணும். மச்சான் வாரம் தவறாமல் போய்க் கேட்டார். வரும், வரும் என்றார்கள். அதற்குள் அக்கா படுக்கையோடு ஆகிவிட்டாங்க.

கடைசி நாள் நல்ல மழை. மகளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். வருகிற வழியில் றோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. மத்தியானத்துக்கு மேல் அக்கா கையைத் தூக்கி, கம்பி தட்டுகிற மாதிரி விரலை அசைத்தாங்க. மச்சான் பெட்டிப் பக்கம் போகவில்லை. வயர் இல்லாத கிட்டாரை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கிட்டாரின் மரத்தைக் கட்டில் சட்டத்தோடு ஒட்டி வைத்தார். அக்காவின் கையை எடுத்து மரத்தின் மேல் வைத்தார். தட்டினார். மழையில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் உதடு அசைந்தது. மச்சான் காதை அவங்க வாய்க்கிட்ட கொண்டுபோனார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

மகள் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அழுது ஓய்ந்த பிறகு, பிள்ளை இருக்கிற வயிற்றோடு நிலத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

“பாடுனாங்களாப்பா?”

“ம்.”

“எம் பேரு வந்துச்சா?”

வந்தது என்று மச்சான் சொல்லியிருக்கலாம். கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.

“அதுக்கு முன்னாடி மூச்சு முடிஞ்சிருச்சு மகள். பேரு வர்ற எடத்த நான்தான் கம்பியில வாசிச்சேன்.”

“நீளமா நின்னுச்சா?”

“இல்ல” என்றார். “ஒடனே போயிருச்சு.”